ஐந்நூற்றுப் பன்னிரண்டு மாமனார்

“ஏங்க, அப்பா வர்றாரு. நாலு மணிக்கு. உங்க ஆபீசுக்கே.”

போனில் மனைவி சொன்னதைக் கேட்டு, ஃபைல்காரருக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது.

“எங்க அப்பாவா?”

“எங்க அப்பா. உங்க அப்பா வந்தா நான் ஏன் இப்படி மூச்சு வாங்கப் போறேன்?”

வாஸ்தவம்தான். அவருடைய அப்பா சாதுவான மனிதர். மனைவியின் அப்பா அப்படியில்லை. முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். சிவப்பு விழுந்தால் விழுந்ததுதான், யார் கெஞ்சினாலும் வண்டி நகராது என்று வாழ்ந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளைக்கும் அதே சிவப்பைப் போட்டார். “வானத்தை அண்ணாந்து பாக்குறதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கிடையாது. மகளிடம் போனில், “ம்”, “சரி”, “அம்மாகிட்ட குடுக்கறேன்” என்ற மூன்றைத் தவிர நான்காவது கிடையாது.

“நான் கூப்பிடலைங்க. அந்த இடத்தை ஒரு தடவை பாக்கணும்னு அவரே அம்மாகிட்ட சொன்னாராம்.” மனைவி குரலைத் தாழ்த்தினாள். “உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிட்டார்னா போதும். எனக்கு வேற எதுவும் வேண்டாம். தயவுசெஞ்சு இன்னிக்கு ஒருநாள் எதையும் சொதப்பிடாதீங்க.”

“நான் என்னத்தம்மா சொதப்பப் போறேன்?” என்று தைரியமாகச் சொல்லிவிட்டு போனை வைத்தார். கண்ணாடிக் கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்தார்.

வானாய்வு மையத்தில் அன்று பொதுமக்கள் பார்வையிடும் நாள். கூடத்துச் சுவரின் உச்சியில் ஆள் உயரத் திரை ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதில் தொலைநோக்கி எடுத்த படங்களின் பட்டியல் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலில் கொட்டை எழுத்தில் வந்த வரி இது:

“மாமனார்: இன்றும் முகம் காட்டவில்லை.”

அடுத்த வரி: “மாமனார்: காரணமில்லாமல் திடீரென்று எரிந்தார்.”

அதற்கும் அடுத்தது: “மாமனார்: பழையபடி மங்கல். நமக்கென்ன.”

இந்த மூன்றையும் எழுதியவர், அங்கே படக் கோப்புகளைப் பராமரிக்கிற ஃபைல்காரரேதான்.

பழைய போட்டோவின் முதுகில் தேதியும் இடமும் எழுதி வைத்திருப்பார்களே, அதுபோலத் தொலைநோக்கி எடுக்கிற ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு விவரப் பகுதி இருக்கும். எந்த நட்சத்திரம், எத்தனை மணி, எத்தனை வினாடி, என்ன குறிப்பு, எல்லாம் அதில் இருக்கும். கறுப்புத் திரையில் ஒரு வரி ஆணையைத் தட்டினால், ஆயிரக்கணக்கான கோப்புகளிலிருந்து அந்த விவரங்களை மட்டும் பிடுங்கிப் பட்டியலாக்கித் தரும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியல் தானாகவே மையத்தின் இணையப் பக்கத்துக்குப் போகும். இன்றைக்குக் கூடத்துத் திரைக்கும் போனது.

நட்சத்திரங்களுக்குப் பத்தொன்பது இலக்கத்தில் எண் உண்டு. அதையெல்லாம் எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்? அதனால் அங்கே செல்லப்பெயர் வைப்பது வழக்கம். மெதுவாக நகர்கிற ஒன்றுக்கு ‘சோம்பேறி’. எப்போதும் சேர்ந்தே இருக்கும் இரண்டுக்கு ‘புதுமணத் தம்பதி’. சொல்லாமல் கொள்ளாமல் எரிந்துவிட்டு வாரக்கணக்கில் மறைந்துபோகிற ஒரு நட்சத்திரம் அவருடைய கல்யாணத்துக்கு மறுவாரம் பட்டியலில் சேர்ந்தது. அப்போதிருந்த எரிச்சலில் அவர் வேறென்ன பெயர் வைப்பார்? இரண்டு வருஷத்தில் அதற்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு படம் சேர்ந்துவிட்டது.

மணி பதினொன்று. நாலு மணிக்குள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு மாமனாரையும் கிளப்பியாக வேண்டும்.

எண்ணையே போட்டுவிடலாம் என்றால், பொதுமக்களுக்கு எண் புரியாது, பெயர்தான் வேண்டும் என்று டைரக்டர் உத்தரவு. ஃபைல்காரர் யோசித்தார். தப்பித்தவறி மாமனார் கண்ணில் பட்டாலும் மரியாதையாக இருக்கட்டும் என்று, ‘மாமனார்’ உள்ள இடத்திலெல்லாம் ‘பெரியவர்’ என்று மாற்றும்படி ஒரு வரி தட்டினார். நாற்பது வினாடியில் வேலை முடிந்தது. இதற்கா இப்படி வியர்த்தோம் என்று நாற்காலியில் சாய்ந்தார்.

பத்தே நிமிஷத்தில் டைரக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரை மையத்தில் எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஃபைல்காரருக்கு உறைத்தது.

“என்னய்யா இது?” டைரக்டர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டே கத்தினார். “‘பெரியவர்: பதினாறு நாளாகக் காணோம்’னு ஊருக்கே போட்டுக் காட்டுற? யார் சொன்னா உன்கிட்ட?”

“சார், அது நட்சத்திரம் சார்.”

“நட்சத்திரமா? ‘காரணமில்லாமல் திடீரென்று எரிந்தார்.’ இது நட்சத்திரம். ‘முகம் காட்டவில்லை.’ இதுவும் நட்சத்திரம். நான் கருத்தரங்குக்குப் போயிருந்தேன்யா! கருத்தரங்கு!”

கை சற்று விலகியபோது முன்வரிசையில் புத்தம்புதுப் பல் இரண்டு பளிச்சென்று தெரிந்தது. கருத்தரங்கு பல் டாக்டரிடம் நடந்திருக்கிறது. மனுஷன் எங்கேயோ தடுக்கி விழுந்து, புதுப்பல் கட்டும்வரை பதினாறு நாள் வீட்டில் ஒளிந்திருந்திருக்கிறார், பாவம். ஃபைல்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வேலை போகும் என்பதால் இருமினார்.

“அரை மணிக்குள்ள அந்தப் பேர் அங்க இருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

கணினி ‘டிங்’ என்றது. கடிதம் வந்திருந்தது.

யாரென்று பார்க்கவே வேண்டாம். பூதக்கண்ணாடிதான்.

இந்தப் பூதக்கண்ணாடி யார் என்று மையத்தில் ஒருவருக்கும் தெரியாது. ‘ஒரு வாசகர்’ என்று கையெழுத்திட்டு ஏறக்குறைய இரண்டு வருஷமாகத் தினமும் கடிதம் எழுதுகிற ஆசாமி. பட்டியலில் ஒரு வினாடி தப்பாக இருந்தால் போதும், பிடித்துவிடுவார். வெளிநாட்டுப் பேராசிரியராக இருக்கும் என்பது ஃபைல்காரரின் எண்ணம். பரீட்சைக்குப் படிக்கிற ஏதோ கல்லூரிப் பெண் என்பது தொலைநோக்கி இயக்குபவரின் கட்சி. ராத்திரியெல்லாம் விழித்திருப்பதால் அவருக்கு ஆந்தை என்று பெயர்.

ஆரம்பத்தில் ஃபைல்காரருக்கு அந்தக் கடிதங்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். போகப்போக அதைப் படிக்காமல் காலை டீ இறங்காது என்றாகிவிட்டது. போன மழைக்காலத்தில் மூன்று நாள் கடிதம் வராமல் இருந்தபோது, “உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று இவரே எழுதிக் கேட்டார். “காய்ச்சல். இப்போது தேவலை. நீங்கள் அனுப்பிய கடிதத்தில் தேதி தவறு” என்று பதில் வந்தது.

ஒருமுறை, அந்த நட்சத்திரத்துக்கு ஏன் ‘மாமனார்’ என்று பெயர் என்றும் பூதக்கண்ணாடி கேட்டிருந்தார். முன்பின் தெரியாத ஆள்தானே என்று ஃபைல்காரர் மனதில் பட்டதை எழுதிவிட்டார். “எப்போது எரியும், எப்போது மறையும் என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒருநாள் இல்லாமல் போய்விட்டால் என் மனைவி தாங்கமாட்டாள். அதனால் தினமும் தேடுகிறேன்.” அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: “இந்தக் கடிதத்தில் பிழை எதுவும் இல்லை.”

இன்றைய கடிதம் இப்படி இருந்தது: “நேற்று வரை பட்டியலில் 512 மாமனார் இருந்தார்கள். இன்று ஒருவர்கூட இல்லை. அதே எண்ணிக்கையில் பெரியவர்கள் முளைத்திருக்கிறார்கள். தவறாக இருந்தால் மன்னிக்கவும். தவறாக இருக்காது.”

கடைசி இரண்டு வாக்கியம் அவருடைய முத்திரை. ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கும்.

“யோவ், நீ வேறயா?” என்று கணினியைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஃபைல்காரர் அடுத்த வரியைத் தட்டினார். பெயர் வைத்தால்தானே வம்பு? பெயரே வேண்டாம். ‘பெரியவர்’ இருந்த இடத்தையெல்லாம் காலியாக்கினார்.

அங்கேதான் ஒரு சங்கதியை மறந்துவிட்டார். பெயர் காலியாக இருந்தால், அதற்கு முந்தின படத்தின் பெயரையே கருவி எடுத்துப் போட்டுக்கொள்ளும். சோம்பல்பட்டு அப்படிச் செய்து வைத்தவரும் அவரேதான். தொலைநோக்கி சரியாகப் பார்க்கிறதா என்று சோதிக்க, மாமனாருக்கு முன்னால் ஆந்தை பெரும்பாலும் நிலாவைத்தான் ஒரு படம் எடுத்துக்கொள்வார். கூடத்துத் திரையில் இப்போது ஓடியது:

“நிலா: பதினாறு நாளாகக் காணோம். இருக்கிறதா இல்லையா தெரியவில்லை. கவலை.”

போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர்.

“சார், நிலாவைக் காணோமாமே? பசங்க அழுவுறாங்க சார்.”

“இருக்கும்மா. இருக்கு. நான் கேரண்டி.”

“அப்ப ஏன் கவலைன்னு போட்டிருக்கீங்க?”

“அது வேற கவலை.”

அடுத்து ஒரு பத்திரிகை ஆபீஸ். அதற்கடுத்து, நிலாவைப் பார்த்துத்தான் பெண் பார்க்கப் போக வேண்டும் என்று நாள் குறித்து வைத்திருந்த யாரோ ஒருவர். நடுவில் ‘டிங்’.

“நிலாவைப் பதினாறு நாளாகக் காணவில்லை என்று போட்டிருக்கிறீர்கள். நேற்றிரவு எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். இருந்த இடத்தில்தான் இருக்கிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும். தவறாக இருக்காது.”

ஃபைல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி இரண்டே கால். மனைவியிடமிருந்து செய்தி வந்தது: “கிளம்பப் போறோம். அப்பா சட்டையை ரெண்டு தடவை மாத்திட்டார்.”

அதைப் படித்ததும் அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சிவப்பு சிக்னல் போடுகிற மனிதர், தன்னைப் பார்க்க வருவதற்குச் சட்டை மாற்றுகிறார். அந்த மனிதர் வந்து இதைப் படித்தால்? பெயர் போனால் என்ன, பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற குறிப்புகள்தானே விஷமே? அவற்றைத் துடைத்துவிட்டால் வெறும் நேரமும் வினாடியும்தான் மிஞ்சும்.

குறிப்புகளை அழிக்கச் சொல்லி ஆணை எழுதினார். எந்தக் கோப்புகளில் என்று சொல்ல வேண்டிய இடத்தில், அவசரத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டார். அந்தக் குறிக்கு, இருக்கிற எல்லாக் கோப்பும் என்று அர்த்தம்.

“நிச்சயமாகவா?” என்று கருவி கேட்டது.

நல்ல கருவி. கேட்கத்தான் செய்தது. அவர்தான் படிக்காமல் ‘ஆம்’ என்று அடித்தார்.

கால் மணி நேரத்தில் ஆந்தை ஓடிவந்தார். பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்ததில் தலைமுடி நாலு திசையிலும் நின்றது.

“அண்ணே, என் குறிப்பெல்லாம் எங்கண்ணே? ஒம்போது வருஷக் குறிப்பு!”

ஃபைல்காரர் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல ஆந்தையின் கண் உருண்டது.

“ஏண்ணே, அந்த ஒரு நட்சத்திரத்தை மட்டும் திரையில காட்டாதேன்னு ஒரு வரி அடிச்சிருந்தா போதுமே?”

ஃபைல்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அப்பத் தோணலடா.”

“சரி விடுங்க, ஒண்ணும் போகல” என்று ஆந்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “எதை மாத்தினாலும், பழசு என்ன, மாத்தினது யார்னு விவரப் பகுதியோட அடியில கருவி எழுதி வெச்சிடும். அதை வெச்சு எல்லாத்தையும் மீட்டுடலாம். ஆனா ராத்திரி எட்டு மணி ஆகும்.”

ஃபைல்காரர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். மீட்கும் ஆணையைத் தட்டினார்கள். கருவி ஆமை வேகத்தில் கிளம்பியது. பூதக்கண்ணாடியிடமிருந்தும் மூன்று மணிக்கு மேல் கடிதம் எதுவும் வரவில்லை. ஒரு தொல்லை விட்டது என்று முகம் கழுவிக்கொண்டு, தலைவாரி, நாலு மணிக்குக் கூடத்துக்குப் போனார்.

அங்கே வரவேற்பு மேஜைப் பெண் திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், உங்களுக்கும் உங்க மாமனாருக்கும் ஏதாவது தகராறா?”

“ஏன்?”

அவள் திரையைக் காட்டினாள்.

குறிப்பு இல்லாத படங்களுக்கு, விவரப் பகுதியின் அடியில் முதன்முதலாகப் பதிந்த வரி எதுவோ அதை எடுத்துக் காட்டு என்று கருவிக்கு எப்போதோ சொல்லி வைத்திருந்தார். ஆந்தை இப்போது சொன்னாரே, என்ன மாறியது, யார் மாற்றினார் என்று, அந்த வரிதான் அது. மீட்பு வேலை இன்னும் இந்த வரிகள் பக்கமே வரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, சாவகாசமாக, கொட்டை எழுத்தில் ஓடியது:

“மாமனார் நீக்கம். நீக்கியவர்: ஃபைல்காரர்.”

“மாமனார் நீக்கம். நீக்கியவர்: ஃபைல்காரர்.”

“மாமனார் நீக்கம். நீக்கியவர்: ஃபைல்காரர்.”

“ரிமோட் எங்கம்மா? ரிமோட்!”

“பெரியவர் ரூம்ல சார். பூட்டிட்டு பல் டாக்டர்கிட்ட… கருத்தரங்குக்குப் போயிட்டாரு.”

ஃபைல்காரர் ஒரு நாற்காலியைத் திரைக்கு முன்னால் போட்டு அதன்மேல் ஏறினார். மின்கம்பியைப் பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினார். எட்டவில்லை. நுனிக்காலில் நின்று எக்கிக்கொண்டிருந்தபோது, கீழே அவருக்குத் தெரிந்த குரல் கேட்டது.

“ஏங்க…”

திரும்பிப் பார்த்தார். மனைவி நின்றாள். கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், இரண்டு தடவை மாற்றிப் போட்ட சட்டையில், மாமனார்.

“வாங்க மாமா” என்றார் ஃபைல்காரர், நாற்காலியின் மேலிருந்தபடியே.

மாமனார் அவரைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு திரையைப் படிக்க ஆரம்பித்தார். ஒரு வரி, அடுத்த வரி, அதற்கடுத்த வரி. எதையும் விடவில்லை. தூரத்து விளக்கைப் பார்த்துப் பழகிய கண்.

ஃபைல்காரர் மெல்ல இறங்கினார். எல்லாம் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது?

“மாமா, ஒரு நட்சத்திரத்துக்கு உங்க பேரை… கோவத்துல வெச்சது மாமா. கிண்டலாத்தான் எழுதினேன், இல்லைங்கல. ஆனா ஒருநாள்கூடத் தேடாம விட்டதில்ல. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் பயந்துபோய் இன்னிக்கு எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இவ மேல தப்பில்ல. இவளோட பேசாம மட்டும் இருந்துடாதீங்க.”

மனைவி மூக்கை உறிஞ்சினாள். “அப்பா, ஏதாவது சொல்லுங்கப்பா.”

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். சட்டைப்பைக்குள் வைத்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நேத்து வரைக்கும் ஐநூத்திப் பன்னண்டு படத்துல இருந்தேன் மாப்ளை, இன்னிக்கு ஒண்ணுல கூட இல்ல. தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. தப்பா இருக்காது.”